பதினேழாம் எண் மாத்திரை

பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருந்தது. ஆனால் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு தொடங்கியதிலிருந்து வீட்டில் யாரும் அதை வாயால் சொல்வதில்லை. "அரை டாக்டர்" என்று கூப்பிட்டால்தான் அவளே திரும்பிப் பார்க்கிறாள். பெயர் சூட்டியவன் அண்ணன்.

அந்தப் பெயருக்குக் காரணமும் அவன்தான். அவள் படிப்பது வரலாறு. முதன்மைப் பாடத்தோடு, அதற்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத துறையிலிருந்து ஒரு துணைப்பாடமும் எடுத்தே ஆக வேண்டும் என்பது கல்லூரி விதி. அவள் மனசெல்லாம் புகைப்படக்கலையில் இருந்தது. பதிவு தொடங்கும் அன்று அவளுக்குத் தேர்வு. "ஒன்பது மணிக்கு டாண்ணு கம்ப்யூட்டர் முன்னாடி உட்காருண்ணா, உன் காலைப் பிடிச்சுக் கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அண்ணன் டாண் என்றுதான் உட்கார்ந்தான், ஒன்பதே முக்காலுக்கு. அதற்குள் புகைப்படக்கலை நிரம்பி வழிந்துவிட்டது. மிச்சம் இருந்தவை இரண்டே இரண்டு: மண்ணியல், மருந்தியல்.

"மண்ணை எடுத்தா வெயில்ல நிக்கணும். மருந்துன்னா நிழல்லயே படிக்கலாம். உன் நல்லதுக்குத்தான் பண்ணேன்" என்றான். அவள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

சொந்தக்காரர்களுக்குத் தெரிந்ததும் விஷயத்துக்குக் கண், காது, மூக்கு எல்லாம் முளைத்துவிட்டன. முதலில் பெரியம்மாவின் போன்.

"ஏம்மா, பச்சை மாத்திரை ஒண்ணு, வெள்ளை மாத்திரை ஒண்ணு. எதை முதல்ல போடட்டும்?"

"பெரியம்மா, நான் படிக்கிறது வரலாறு."

"அது தெரியும். துணைக்கு மருந்து படிக்கிறியாமே? அந்தத் துணையை வச்சுச் சொல்லு போதும்."

"மருந்து உடம்புக்குள்ள போய் என்ன பண்ணுதுன்னுதான் பெரியம்மா எங்களுக்குச் சொல்லித் தர்றாங்க. யாருக்கு எதைக் கொடுக்கணும்னு இல்ல. நீங்க உங்க டாக்டரையே கேளுங்க."

பெரியம்மா போனை வைத்துவிட்டுப் பத்துப் பேரிடம் சொன்னாள்: "ஒரு கேள்விக்கும் நேரா பதில் சொல்ல மாட்டேங்குறா. டாக்டரைப் பாருங்கன்னு நம்மள அடுத்த ஆள்கிட்ட அனுப்புறா. அசல் டாக்டரேதான்!"

வீட்டில் நிஜமாகவே மருத்துவம் சார்ந்த வேலை பார்ப்பவள் அண்ணி. ரத்த வங்கியில் நர்ஸ். ஒரு நாளைக்கு நாற்பது பேருடைய கையைப் பிடிப்பவள். அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. "நான் முழு நர்ஸ். ஆனா அரை டாக்டருக்குத்தான் மவுசு" என்று சொல்லிச் சிரிப்பாள்.

*

மருந்தியல் ஆய்வுக்கூடம் தரைத்தளத்தில் இருந்தது. கருங்கல் பதித்த மேசைகள், எவ்வளவு திருகினாலும் சொட்டுகிற குழாய், கண்ணாடி அலமாரியில் பழுப்பு நிறச் சீசாக்கள். விரல் நுனியில் மாட்டினால் நாடித்துடிப்பைக் காட்டும் குட்டிக் கருவிகள் ஒரு டஜன் இருந்தன. அவை அலமாரியில் பூட்டிக் கிடந்தன. சாவி மேடத்தின் கைப்பையில்.

"கருவி காட்டுறதைப் பார்த்து எழுதுறதுக்கு நீங்க எதுக்கு? கருவியையே பாஸ் போட்டு அனுப்பிடலாமே" என்பார் மேடம். ஒல்லியான ஆள், மெல்லிய குரல். அந்தக் குரலில் அவர் ஒரு வாக்கியம் சொன்னால் முப்பத்து நாலு பேரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

முப்பத்து மூன்று பேர் என்று சொல்ல வேண்டும். முப்பத்து நாலாவது ஆள் கொட்டாவி.

வேதியியல் மாணவன். நெடுநெடுவென்று இருப்பான். வகுப்பு தொடங்கி ஐந்தாவது நிமிடம் வாயைத் திறப்பான். கேள்வி கேட்கப் போகிறான் என்று மேடம் முதல் நாள் ஏமாந்தார். கொட்டாவி தொற்றுநோய் மாதிரி மேசை மேசையாகப் பரவிக் கடைசியில் மேடமே வாயைப் பொத்திக்கொள்ளும்படி ஆயிற்று. அன்றே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வருகைப்பதிவு வரிசைப்படி இரண்டு இரண்டு பேராகப் பிரித்தபோது கடைசி மேசையில் மிஞ்சியவர்கள் கொட்டாவியும் அரை டாக்டரும். விதி அண்ணனோடு கூட்டுச் சேர்ந்துவிட்டது என்று அவள் நினைத்தாள்.

அந்தப் பருவத்தின் பெரிய செய்முறை கஃபீன் சோதனை. பாதி மதிப்பெண் அதற்குத்தான். ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் மாத்திரை விழுங்க வேண்டும், மற்றவர் அளந்து எழுத வேண்டும். பதினேழு மாத்திரைகளும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். சிலவற்றுக்குள் கஃபீன், மற்றவற்றில் வெறும் சோள மாவு. எந்த எண்ணில் எது என்பதை மேடம் ஒரு உறைக்குள் ஒட்டி வைத்திருந்தார். விழுங்குகிறவருக்கும் தெரியாது, எழுதுகிறவருக்கும் தெரியாது. தெரிந்தால் மனசு அளவோடு விளையாடிவிடும் என்பதுதான் இந்த ஏற்பாட்டுக்குக் காரணம்.

"ரெண்டு நாளைக்கு முன்னாடியே காபி, டீ, கோலா எல்லாம் நிறுத்திடணும். யாராவது திருட்டுத்தனமா ஒரு மடக்கு குடிச்சீங்கன்னா வரைபடம் காட்டிக் கொடுத்துடும். அப்புறம் பூஜ்யம்தான். அடுத்த வருஷம் மறுபடியும் என் முகத்தைப் பார்க்கணும்" என்றார் மேடம்.

சோதனை நாளன்று முன் மேசையில் அட்டெண்டரின் கையைப் பிடித்து நாடி எண்ணுவது எப்படி என்று காட்டினார். அரை டாக்டர் அப்போது கடைசி மேசையில் குனிந்து பதிவேட்டில் சிவப்பு மையால் கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கட்டங்கள் நேராக இருக்க வேண்டும். நாடி பிடிப்பதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது? எத்தனை தொலைக்காட்சித் தொடர்களில் டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டியிருக்கிறார்!

கொட்டாவி சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினான். அவள் டாக்டர்களைப் போலவே அவன் மணிக்கட்டைப் பற்றி, கட்டைவிரலை அழுத்தி வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். எழுபத்திரண்டு. சிவப்புக் கட்டத்தில் அழகாக எழுதினாள். அவன் பதினேழாம் எண் மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தான். அரை மணிக்கு ஒரு தடவையாக இன்னும் மூன்று தடவை எண்ண வேண்டும். எண்ணியதும், அவன் எவ்வளவு விழிப்பாக இருக்கிறான் என்று பார்க்க, அச்சடித்த ஒரு பக்கத்தில் 'க' எழுத்தை மட்டும் தேடித் தேடி அடிக்கச் சொல்லும் சோதனையும் உண்டு. அதுவரை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அவன் கொட்டாவி விட்டான்.

"ராத்திரி தூங்கவே மாட்டியா நீ?" அவளுக்குப் பொறுக்கவில்லை.

"காலைல மூணரைக்கு எழுந்திரிச்சு பேக்கரிக்குப் போயிடுவேன். மாவு பிசையணும். எட்டு மணிக்கு அங்கிருந்து நேரா காலேஜ்" என்றான். "எப்பவும் நாலு கப் காபி என்னை நிமிர்த்தி வச்சிருக்கும். இந்த ரெண்டு நாளா அதுவும் இல்லையா, இன்னைக்குக் காலைல மாவு மேலேயே தலையை வச்சுட்டேன். அந்த ரொட்டில என் காது அச்சு இருக்கும். யாரு வீட்டுக்குப் போச்சோ."

அவளுக்குப் புரை ஏறும்படி சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும்போது அரை மணி ஆகியிருந்தது. எண்பத்து நாலு.

"நீ என்ன படிக்கிறே? வரலாறுதானே? அதுல இப்ப என்ன ஓடுது?" என்று அடுத்ததாக அவன் கேட்டான்.

விஞ்ஞானம் படிக்கிற ஒருவன் அவளிடம் இப்படிக் கேட்டது இதுவே முதல் தடவை. மற்றவர்கள் "ராஜா எந்த வருஷம் செத்தான்?" என்று கேட்டுவிட்டுத் தாங்களே சிரித்துக்கொள்வார்கள். ஆவணக்காப்பகத்தில் தான் படித்துக்கொண்டிருந்த பழைய மனுக்கட்டைப் பற்றிச் சொன்னாள். ஒரு குமாஸ்தா, பக்கத்து வீட்டுச் சேவல் தன்னைத் தூங்க விடவில்லை என்று பதினோரு வருஷம் விடாமல் மனுப் போட்டிருக்கிறார். ஆறாவது வருஷத்தில் பழைய சேவல் செத்துப் புதுச் சேவல் வந்துவிட்டது. மனிதர் அசரவில்லை. "மேற்படி சேவலின் வாரிசு" என்று எழுதி வழக்கைத் தொடர்ந்திருக்கிறார்.

கொட்டாவி முழங்கையை மேசையில் ஊன்றிக் கேட்டான். "பாவம் மனுஷன். மூணரைக்கு எழுந்திரிக்கிறவனுக்குத்தான் அந்த வலி தெரியும். சரி, கடைசில யாரு ஜெயிச்சா?"

"இன்னும் அந்தக் கட்டு வரைக்கும் போகல." திடீரென்று அவளுக்கு ஒன்று உறைத்தது. "நீ அரை மணி நேரமா கொட்டாவியே விடல."

"அப்படியா? மறந்துட்டேன் போல."

இரண்டாவது அரை மணி. தொண்ணூற்றாறு.

மூன்றாவது அரை மணியில் அவன் தன் திட்டத்தைச் சொன்னான். மருந்துகளின் தரம் பார்க்கும் ஒரு பரிசோதனைக்கூடம் ஊருக்கு வெளியே இருந்தது. வேதியியலோடு மருந்தியலைத் துணைப்பாடமாக முடித்தவர்களை மட்டுமே அங்கே எடுப்பார்கள். காலை ஒன்பது மணிக்குப் போய் மாலை ஐந்துக்குத் திரும்பிவிடலாம். "ஒன்பது மணி! யோசிச்சுப் பாரு. சூரியன் எனக்கு முன்னாடி எழுந்து உட்கார்ந்திருக்கும்" என்று கனவு காண்பவனைப் போலச் சொன்னான். பிறகு பைக்குள் கையை விட்டு, காகிதத்தில் சுற்றிய ஒரு பன்னை எடுத்து மேசையில் வைத்தான்.

"இது முடிஞ்சதும் சாப்பிடு. போன வாரம் கிளாஸ்ல உன் வயிறு கத்துச்சு. எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு, பயப்படாதே. ஓரம் கருகாத மாதிரி தனியா எடுத்து வச்சேன்."

அவள் எண்ணினாள். நூற்றுப் பன்னிரண்டு.

பதிவேட்டின் கீழே, குண்டு குண்டான எழுத்தில் எழுதிவிட்டு இரண்டு கோடும் போட்டாள்: "பதினேழாம் எண் மாத்திரையில் இருந்தது சந்தேகமின்றி கஃபீன்."

*

அடுத்த வியாழக்கிழமை மேடம் உறையைக் கிழித்தார். கரும்பலகையில் இரண்டு வரைபடங்கள். கஃபீன் விழுங்கியவர்களின் கோடுகள் லேசாக ஏறி இறங்கின. மாவு விழுங்கியவர்களின் கோடுகள் குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தன. ஒரே ஒரு கோடு மட்டும் அவற்றுக்கு நடுவிலிருந்து கிளம்பி, வரைபடத்தின் கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போனது.

"பதினேழு. உள்ளே இருந்தது சோள மாவு" என்றார் மேடம். "மாவு சாப்பிட்டு நூத்திப் பன்னிரண்டு போன முதல் ஆள் நீதான். எழுந்திரு."

கொட்டாவி எழுந்தான்.

"என்ன குடிச்சே?"

"ஒண்ணும் குடிக்கல மேடம்."

"பேக்கரில வேலை. காபிக் கெட்டில் பக்கத்துலயே இருக்கும். மாத்திரைக்கு முன்னாடி கொஞ்சம், நடுவுல பாத்ரூம் போற சாக்குல கொஞ்சம். இல்லையா?"

"இல்ல மேடம்."

"அப்போ இந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம்?"

அவன் அரை டாக்டரை ஒரு கணம் பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பிறகு அது கொட்டாவியாக முடிந்தது. வகுப்பே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை.

"திங்கட்கிழமை வரைக்கும் டைம் தர்றேன். நம்புற மாதிரி ஒரு காரணம் எழுதிக் கொண்டு வா. இல்லேன்னா பூஜ்யம்."

பூஜ்யம் என்றால் துணைப்பாடம் போயிற்று. துணைப்பாடம் போனால் பரிசோதனைக்கூடமும் போயிற்று. ஒன்பது மணிச் சூரியனும் போயிற்று. வகுப்பு முடிந்ததும் அரை டாக்டர் அவன் பின்னாலேயே ஓடினாள். பேருந்து நிறுத்தத்தில் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"உண்மையைச் சொல்லு. ஒரு மடக்காவது குடிச்சியா?"

"நீ என்ன நினைக்கிறே?"

"நான் எண்ணினேன். நாலு தடவையும் நானேதான் எண்ணினேன். எண் பொய் சொல்லாது."

"எண் பொய் சொல்லல" என்றான் அவன். சொல்லிவிட்டு, காரணமே இல்லாமல் புன்னகை செய்தான்.

"அப்போ குடிச்சிருக்கே!"

"உன் பஸ் வருது."

அவளுக்கு வந்த கோபத்தில் தப்பான பேருந்தில் ஏறி இரண்டு நிறுத்தம் போய்த் திரும்பினாள். திருட்டுத்தனம் செய்ததோடு சிரிப்பு வேறு! அந்தப் பன்னை அவ்வளவு ருசித்துச் சாப்பிட்டதற்காகத் தன் நாக்கின் மீதே அவளுக்குக் கோபம்.

*

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடே சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. அப்பாவுக்கு எடை அளவு ஆய்வாளர் வேலை. கடைகளின் தராசுகளைச் சோதிப்பவர். விடுமுறை நாளிலும் சமையலறைத் தராசின் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் சாப்பிட உட்காருவார். தட்டு காலியானதும் அவர் ஒரு சாய்வு நாற்காலியில் செய்தித்தாளோடு மறைந்தார். அண்ணன் பாத்திரம் கழுவினான். அரை டாக்டர் அண்ணியை மடக்கினாள்.

"அண்ணி, கையை நீட்டுங்க. நாடி எண்ணிப் பார்க்கணும். நான் சரியா எண்ணுறேனா இல்லையான்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

"எண்ணும்மா எண்ணு. தினம் நாற்பது பேரு கையை நான் பிடிக்கிறேன். என் கையைப் பிடிக்க ஒரு ஆளு இல்ல" என்றாள் அண்ணி, சமையலறைப் பக்கம் கேட்கும்படி.

"கை ஈரமா இருக்குடி!" என்று அண்ணனின் குரல் வந்தது.

அரை டாக்டர் பிடித்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து உதடசைய எண்ணினாள். "எழுபத்து நாலு."

 அண்ணி தன் மணிக்கட்டின் மீதிருந்த விரலையே பார்த்தாள். முகத்தில் ஒரு குறும்பு மெதுவாக முளைத்தது.

"இப்படித்தான் காலேஜ்லயும் எண்ணினியா? கட்டைவிரலை வச்சு?"

"ஆமா. ஏன்?"

"எழுபத்து நாலு என்னோடது இல்ல. எனக்கு எப்பவும் அறுபதுதான். அது உன்னோடது." அண்ணி அவள் கட்டைவிரலைப் பிடித்து ஆட்டினாள். "கட்டைவிரல்ல சொந்தமா ஒரு நாடி ஓடுது, அரை டாக்டரே. அடுத்தவங்க கைல அதை அழுத்தினா, உன் துடிப்பை நீயே எண்ணிக்கிட்டு இருப்பே. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எங்க சிஸ்டர் விரல்ல தட்டிச் சொல்லிக் கொடுத்தாங்க. இந்தா, இந்த மூணு விரலை வை. இப்ப எண்ணு."

எண்ணினாள். அறுபத்தொன்று.

அரை டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. நான்கு எண்களும் வரிசையாகக் கண்முன்னே வந்து நின்றன. எழுபத்திரண்டு: ஒன்றும் இல்லை. எண்பத்து நாலு: ரொட்டியில் காது அச்சு. தொண்ணூற்றாறு: சேவலின் வாரிசு. நூற்றுப் பன்னிரண்டு: பன்.

"என்னாச்சு? ஏன் இப்படிச் சிவக்கிறே?" அண்ணி குனிந்து பார்த்தாள். சேதி முழுவதையும் அவளிடமிருந்து கறந்துவிட அண்ணிக்கு ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது. கேட்டு முடித்ததும் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"சிவப்பு மையில கட்டம் போட்டு, நேரம் குறிச்சு, அரை மணிக்கு ஒரு தடவை! நானும் உங்க அண்ணனைக் காதலிச்சுத்தான் கட்டிக்கிட்டேன். இப்படி வரைபடமெல்லாம் எங்களுக்குத் தோணவே இல்லையே!"

"என்ன அங்க?" என்றான் அண்ணன்.

"ஒண்ணும் இல்ல, நீங்க கழுவுங்க!" என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"அண்ணி, சிரிக்காதீங்க. நாளைக்கு அவனுக்குப் பூஜ்யம் போட்டுடுவாங்க."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எண்ணும்போது தப்பிடுச்சுன்னு சொல்லிடு. யாருக்கும் விவரம் தெரிய வேண்டாம்."

"மேடம் நம்ப மாட்டாங்க. ஒரு தடவை தப்பலாம். நாலு தடவை படிப்படியா ஏறுற மாதிரி யாரும் தப்ப மாட்டாங்க. நான் அவனைக் காப்பாத்தப் பொய் சொல்றேன்னு நினைப்பாங்க. கட்டைவிரலைச் சொன்னாத்தான் நம்புவாங்க. கட்டைவிரலைச் சொன்னா..."

"சொன்னா, அந்த நூத்திப் பன்னிரண்டு யாரோடதுன்னு கிளாசுக்கே தெரிஞ்சுடும்" என்று அண்ணி முடித்தாள்.

அப்போது செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "நேத்து ஒரு கடைக்காரன், தராசு ஓரத்துல கட்டைவிரலை வச்சு நிறுத்துக்கிட்டிருந்தான். கேட்டா, பழக்க தோஷம் சார்ங்கிறான்." ஒரு பக்கம் திரும்பும் சத்தம். "அவனாவது அரைக் கிலோதான் ஏத்தினான்."

அரை டாக்டர் மேசைக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தாள். அப்பா செய்தித்தாளை இறக்கவே இல்லை. ஆனால் அது லேசாகக் குலுங்கிக்கொண்டிருந்தது.

*

திங்கட்கிழமை. கொட்டாவி வெறுங்கையோடு வந்திருந்தான்.

"காரணம் எங்கே?" என்றார் மேடம்.

"எழுதல மேடம்."

"அப்போ பூஜ்யம் போட்டுக்கட்டுமா?"

அவன் தலையை ஆட்டினான். மேடம் பேனாவின் மூடியைத் திறந்தார். அந்தச் சின்ன 'டக்' சத்தம் கடைசி மேசைவரை கேட்டது.

"மேடம்!" அரை டாக்டர் எழுந்துவிட்டாள்.  "அது அவன் நாடி இல்ல மேடம்."

"பின்ன யாரோடது?"

முப்பத்து மூன்று தலைகள் திரும்பின. அவள் கல் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் கட்டைவிரலை வச்சு எண்ணிட்டேன். நாலு தடவையும். நீங்க காட்டும்போது நான் கட்டம் போட்டுக்கிட்டிருந்தேன். அவன் ஒரு மடக்குக்கூடக் குடிக்கல. அந்தக் கோடு... என்னோடது மேடம்."

 குழாய் சொட்டியது. பிறகு முன் மேசையிலிருந்து ஒரு பெண் "நூத்திப் பன்னிரண்டா!" என்றாள், மூச்சுவிட மறந்தவளாக. அவ்வளவுதான். கூடமே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. எவனோ விசில் அடித்தான். அரை டாக்டருக்குக் காது மடல்வரை சுட்டது. ஆனாலும் உட்காரவில்லை. கொட்டாவி மட்டும் சிரிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மேடம் கையை உயர்த்தினார். அமைதி திரும்பியதும் பதிவேட்டைப் புரட்டினார். "எழுத்தடிக்கிற சோதனையில இவன் மார்க் ஏறவே இல்லை. நாலாவது தடவை பாதிப் பக்கத்துல தூங்கியிருக்கான். இவ்வளவு கஃபீன் ஏறினவன் எப்படித் தூங்கினான்னு நான் மூணு நாளா யோசிச்சேன்." கைப்பையிலிருந்து சாவியை எடுத்து, அலமாரியைத் திறந்து, யாரும் கையால் தொட்டே இராத அந்தக் குட்டிக் கருவிகளில் ஒன்றைக் கொண்டுவந்து கொட்டாவியின் விரலில் மாட்டினார். ஐம்பத்தெட்டு.

"மரக்கட்டை" என்றார் மேடம். "மாவு மரக்கட்டை. சோதனையை அடுத்த வாரம் திரும்பப் பண்ணணும், வேற மாத்திரையோட. உனக்குப் பூஜ்யம் இல்ல, உட்காரு." பிறகு அரை டாக்டரிடம் திரும்பினார். "உனக்கு அஞ்சு மார்க் குறையும், நான் காட்டினதைப் பார்க்காததுக்கு. 'பிழைக்கான காரணம்'ங்கிற தலைப்புல ஒரு பக்கம் எழுதிக் கொண்டு வா. விரலைப் பத்தி மட்டும் எழுதினா போதும்." மெல்லிய குரல் இன்னும் மெல்லியதாயிற்று. "மத்தது பாடத்திட்டத்துல இல்ல."

*

வகுப்பு முடிந்ததும் அவள் வெளிப்படிக்கட்டுக்கு ஓடிவிட்டாள். பத்து நிமிடத்தில் கொட்டாவி வந்து, இரண்டு படி தள்ளி உட்கார்ந்தான்.

"ஐம்பத்தெட்டு" என்றாள் அவள், அவனைப் பார்க்காமல். வகுப்பின் சிரிப்பைவிட, போன ஐந்து மதிப்பெண்ணைவிட, அந்த எண்தான் அவளை உறுத்திக்கொண்டிருந்தது. "நான் எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்கிக்கிட்டு நிக்கிறேன். உனக்கு ஐம்பத்தெட்டு."

"காலைல மூணரையிலேர்ந்து அஞ்சு மூட்டை மாவு பிசைஞ்சிருக்கேன். உயிர் இருந்ததே பெரிசு." அவன் கொஞ்சம் நகர்ந்து, தள்ளியிருந்த படிகளை ஒன்றாகக் குறைத்தான். "எனக்கு முன்னாடியே தெரியும்."

"என்ன தெரியும்?"

"உன் கட்டைவிரல். பேக்கரில முதலுதவிப் பயிற்சிக்கு என்னைத்தான் அனுப்பினாங்க. நாடி எப்படிப் பிடிக்கணும்னு முதல் பாடமே அதுதான்."

அவள் சட்டென்று திரும்பினாள். "முதல்லயே தெரியுமா? அப்போ ஏன் சொல்லல?"

"முதல் தடவை சொல்லலாம்னு நினைச்சேன். எழுபத்திரண்டு, சரி போகட்டும்னு விட்டேன். அப்புறம் எண்பத்து நாலுன்னு எழுதினே. எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்துச்சு. தொண்ணூத்தாறு வந்ததும்..." அவன் காதைத் தடவிக்கொண்டான். "சொன்னா நீ விரலை மாத்திடுவியேன்னு இருந்துச்சு. அடுத்தது எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கணும் எனக்கு."

"அடப்பாவி! வியாழக்கிழமை சொல்லியிருக்கலாமே? இன்னைக்குச் சொல்லியிருக்கலாமே? பூஜ்யம் வாங்கியிருப்பியே!"

"உன் மனசுல இருக்கிறதை நான் எழுந்து கிளாஸ்ல சொல்லணுமா? அது எப்படி?" என்றான் அவன் எளிமையாக. "மூணரைக்கு எழுந்திரிக்கிறது எனக்குப் பழக்கம்தான். இன்னும் ஒரு வருஷம் எழுந்திரிச்சிருப்பேன்."

 நான்கு நாட்களாகச் சேர்த்து வைத்திருந்த கோபம் எங்கே போயிற்று என்று தேடினாள். காணோம்.

"கையைக் கொடு" என்றான் கொட்டாவி.

"எதுக்கு?"

"கொடேன்."

கொடுத்தாள். அவன் அவள் மணிக்கட்டைப் பற்றி, முதலுதவிப் பயிற்சியில் முதல் பாடத்திலேயே எப்படிக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்களோ அப்படியே, கட்டைவிரலை நன்றாக அழுத்தி வைத்தான். எதிர்ச்சுவரில் இருந்த கல்லூரிக் கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நிமிடம் முழுக்க, உதடசைய எண்ணினான்.

"எவ்வளவு?" என்றாள் அவள்.

"நூத்தி ஆறு."

"தப்பா எண்ணுறே. கட்டைவிரலை வச்சா அது என்னோடது இல்ல."

"ஆமா" என்றான் அவன். "எழுதிக்கோ."

அவள் பையிலிருந்து பதிவேட்டை எடுத்தாள். சிவப்புப் பேனாவும் எடுத்தாள். பிழைக்கான காரணம் என்று தலைப்பிட்டிருந்த வெற்றுப் பக்கத்தின் ஓரத்தில், ஒரே ஒரு கட்டம் போட்டாள். அவசரத்தில் அது கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.